சிந்தாத செம்பு

எங்கள் பள்ளிக்கூடத்தில் நடனம் கிடையாது, தேகப்பயிற்சி உண்டு. கோலாட்டமும் கும்மியும் கயிற்றுப் பின்னலாட்டமும் அந்தப் பெயரில்தான் நடந்தன. பெயரை மாற்றிவிட்டால் பாவம் ஒட்டாது என்று எங்கள் சபைப் பெரியவர்கள் நம்பினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. நாகர்கோவிலில் மிஷன் நடத்திய பெண்கள் பள்ளி. படிப்போடு போர்டிங்கும் உண்டு, தையலும் லேஸ் பின்னலும் உண்டு. அந்தத் தேகப்பயிற்சிக்கு நான் தலைமை. எனக்குக் கீழே மூன்று டீச்சர்மார் இருந்தார்கள்.

நான் நல்ல தலைமை இல்லை என்று மூவரும் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார்கள். சொல்லட்டும். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் எதையும் டீச்சர் முதலில் தன் உடம்பால் செய்து காட்ட வேண்டும் என்பது என் சட்டம். காலை மணி அடிப்பதற்கு முன்பே மூவரையும் லேஸ் அறைக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகையில் நிறுத்திவிடுவேன். கோல் தப்பி விரல் முட்டியில் பட்டால் இன்னொரு தடவை செய் என்பேனே தவிர, கையைப் பிடித்துப் பார்க்க மாட்டேன். வாரத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை ஒருத்தியிடமிருந்து பிடுங்கி இன்னொருத்தியிடம் கொடுப்பேன். செல்லப்பிள்ளை வளர்க்க எவளுக்கும் அவகாசம் கிடைக்காது. பிள்ளைகள் முன்னால் ஒருத்தி இன்னொருத்தியைத் திருத்தக் கூடாது. திருத்துவதற்கு நான் இருந்தேன்.

மூவரில் மூத்தவள் விதவை. நல்ல குரல், ஆனால் ஒரு கால் யானைக்கால். பாட்டுச் சொல்லிக்கொடுக்க அவளை விட்டால் ஆள் இல்லை என்பதால் வைத்திருந்தேன். நடுவிலுள்ளவள் ஒரு டீக்கனின் கொழுந்தியாள். டீக்கன் என்றால் சபைக் காரியங்களைப் பார்க்கும் பெரியவர். இவருக்குத் தொழில் நெல் வியாபாரம். கொட்டகையில் நான் தும்மினால் சாயங்காலத்துக்குள் அவர் கடைக்குச் சேதி போய்விடும். அவளை வேலையை விட்டு அனுப்ப முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அவளுக்கு எப்போதும் வாசலோரத்து வரிசைதான் கொடுப்பேன், வெயில் நேரே முகத்தில் விழும் இடம்.

மூன்றாவது சின்னவள். கொட்டாரம் என்ற ஊர்க்காரி. அப்பன் இல்லை, தாய் நெல் அவித்துக் கொடுத்து வயிறு வளர்த்தவள். பள்ளியை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணியைத் துரைசாணி அம்மாள் என்போம். அவர்தான் இவளைப் போர்டிங்கில் சேர்த்துப் படிக்கவைத்து, கடைசியில் என் தலையில் கட்டினார். கட்டியபோது முணுமுணுத்தேன். கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொண்டேன். நான் ஒரு மாதம் தொண்டை கிழியக் கத்திப் பிள்ளைகளுக்கு ஏற்றியதை அவள் ஒரே காலையில் ஏற்றினாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. எனக்கு வராதது அவளுக்கு வந்தது. பிடிக்காமல் போக அது போதாதா? ஆனாலும் அவள் வந்த பிறகுதான் எங்கள் கோலாட்டம் பார்க்கும்படியாக இருந்தது. அதனால் அவளை யாரும் தொட விடமாட்டேன் என்று இருந்தேன்.

அந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை, சபை ஊழியம் பார்த்த ஓர் உபதேசியாரின் மகன். திற்பரப்புக்கு அந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர். உபதேசியார் போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று, வீட்டை ஆண்டது அவருடைய பெண்சாதி. நெல் அவிக்கிறவள் மகளுக்கு இப்படி ஓர் இடம் கனவிலும் கிடைக்காது. மிஷன் படிப்பையும் டீச்சர் வேலையையும் பார்த்துத்தான் வந்தார்கள்.

எங்கள் பக்கம் கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை சொல்ல ஆளுண்டா என்று ஐயர் சபையைக் கேட்பார். எங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். மூன்று ஞாயிறும் யாரும் எழுந்திருக்காவிட்டால் கல்யாணம். யாராவது எழுந்துவிட்டால், பிறகு அந்தப் பெண்ணை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். சின்னவளுக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. கோல்களைக் கட்டி வைக்கும்போதுகூட அவள் தனக்குள் பாடிக்கொண்டிருந்தாள். சத்தம் வேண்டாம் என்று நான் அதட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே நிறுத்தினாள்.

அந்தச் சமயத்தில்தான் திருவிதாங்கூர் அரண்மனையிலிருந்து ஒரு தம்புராட்டி, ராஜ குடும்பத்துப் பெண், நாகர்கோவிலுக்கு வரப்போவதாகச் சேதி வந்தது. ஊர்ப் பள்ளிகளெல்லாம் மைதானத்தில் ஏதாவது செய்து காட்ட வேண்டும். நம் பள்ளி கோலாட்டம் போடும் என்று துரைசாணி அம்மாள் சொல்லிவிட்டார். சபைக் கமிட்டிக்குப் பெரிய சங்கடம். கொட்டகைக்குள் நடந்தால் தேகப்பயிற்சி. ஊரே பார்க்க மைதானத்தில் நடந்தால் அதற்கு என்ன பெயர்? டீக்கன்மார் கூடிப் பேசி எனக்கு விதிகள் சொல்லி அனுப்பினார்கள். கை தோளுக்கு மேல் போகக் கூடாது. இடுப்பு அசையக் கூடாது. பார்வை தரையில் இருக்க வேண்டும். முக்கியமாக, வட்டமாகச் சுற்றக் கூடாது. சுற்றி வருவது பிரதட்சணமாம், அது விக்கிரக ஆராதனையில் சேருமாம். சதுரமாகச் சுற்றலாம்.

கோலாட்டத்தைச் சதுரமாக ஆடியவர்கள் உலகத்தில் எங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். வட்டத்தில் எதிரே வருகிறவளின் கோல் தானாக நம் கோலுக்கு வரும். சதுரத்தின் மூலையில் அது நெற்றிக்கு வந்தது. நாலைந்து நாளில் பாதிப் பிள்ளைகளுக்கு நெற்றி புடைத்துவிட்டது. நடு டீச்சருக்கு மட்டும் சந்தோஷம். அத்தான் போட்ட விதி ஆயிற்றே. துரைசாணி அம்மாள் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைகள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று கேட்டார். நான் விதிகளைச் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு நேரே ஐயர் வீட்டுக்குப் போனார்.

வட்டம் திரும்பி வந்தது. ஆனால் சும்மா வரவில்லை, கமிட்டி ஒரு நிபந்தனையும் கூட அனுப்பியது. கற்றுக்கொடுக்கும் டீச்சர்மார் மூவரும் கமிட்டி முன்னால் செய்து காட்ட வேண்டும். அது ஆட்டமா பயிற்சியா என்று பார்த்துச் சொல்வார்கள். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஐயர் கேட்டாராம். நெல் வியாபாரி வழி சொன்னார். தலையில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு அடி வைக்கட்டும். உடம்பு குலுங்கினால் தண்ணீர் சிந்தும், சிந்தினால் ஆட்டம். சிந்தாவிட்டால் பயிற்சி. கமிட்டிக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. ஆட்டம் என்று முடிவானால் அந்த டீச்சருக்கு வேலை போகும், சபையிலும் விலக்கு. சின்னவளுக்குக் கல்யாணமும் போகும். அதற்குள் இரண்டாம் ஓலை வாசித்து முடிந்திருந்தது, மூன்றாவது மட்டும் பாக்கி.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளி ஹாலில் கமிட்டி உட்கார்ந்தது. டீக்கன்மார் பெஞ்சில் இருந்தார்கள். பெண்களும் சாட்சிக்கு வேண்டும் என்று சபைப் பெண்கள் சிலரைக் கீழே பாயில் உட்காரவைத்திருந்தார்கள். அவர்களில் மாப்பிள்ளையின் தாயும் இருந்தாள். வளர்ந்த பெண்களைத் தலையில் செம்போடு நிறுத்தி, எங்கே அசைகிறது என்று ஆண்கள் கண் கொட்டாமல் பார்ப்பதற்கு அன்று பரிசுத்தம் என்று பெயர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் தலையிலும் வைத்துப் பாருங்கள் என்றேன். தலைமைக்கு அவசியமில்லை என்றார்கள்.

முதலில் மூத்தவள். நாலாவது அடியிலேயே செம்பு விழுந்து உருண்டு பெஞ்சுக்கு அடியில் போயிற்று. அவள் நனைந்த சேலையோடு நின்று அழுதாள். டீக்கன்மார் அவள் காலைப் பார்த்தார்கள். இது வியாதி, ஆட்டமில்லை என்று தள்ளிவிட்டார்கள். அடுத்தது நடு டீச்சர். அவள் கோலை உயர்த்தும் முன்பே தண்ணீர் முகத்தில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. இது பயம், ஆட்டமில்லை என்றார் அத்தான். சிந்தினால் ஆட்டம் என்ற விதி அந்த இடத்திலேயே செத்துவிட்டது. அதை அடக்கம் பண்ணத்தான் ஆள் இல்லை.

பிறகு சின்னவள் வந்தாள். மற்ற இருவரும் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டார்கள். இவள் வெறும் தலையில் செம்பை வைத்தாள். மூத்தவள் அழுகையை விழுங்கிக்கொண்டு பாட்டை எடுத்தாள். சின்னவள் தொடங்கினாள். எதிரே ஆள் இல்லாமலே கோல் வீசினாள், குனிந்தாள், உட்கார்ந்து எழுந்தாள், வட்டத்தை முழுதாகச் சுற்றி வந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பாட்டு முடிந்ததும் செம்பை இறக்கி ஐயர் முன்னால் வைத்தாள். தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். முகத்தில் அது தெரிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். மனசுக்குள் நெல் வியாபாரியின் வாயில் ஒரு மரக்கால் மண்ணை அள்ளிப் போட்டேன்.

பெஞ்சின் கோடியில் ஒரு கிழ டீக்கன் இருந்தார். கமிட்டியில் தூங்குவதுதான் அவர் வழக்கம். அன்று தூங்கவில்லை. சும்மாடு இல்லாமல் உனக்கு எப்படி நிற்கிறது என்று கேட்டார். சின்ன வயதிலிருந்து தண்ணீர் சுமந்த பழக்கம் என்றாள் அவள்.

"தண்ணி சொமக்கிறவளுக்குக் கழுத்தும் நிக்கும், இடுப்பும் நிக்கும்," என்றார் கிழவர். "உனக்குக் கழுத்து மட்டுந்தான் நிக்குது, பிள்ள. இது கரகக்காரிக்க நடையாக்கும்."

நான் பொறுக்காமல், ஐயா கரகம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். ரட்சிக்கப்படுவதற்கு முன்பு என்றார். அந்த முகத்தில் வெட்கம் ஒரு துளி இல்லை. பார்த்தவருக்கு மன்னிப்பு உண்டு, ஆடியவளுக்குக் கிடையாது.

யாரிடம் கற்றாய் என்று ஐயர் கேட்டார். ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. அம்மன் கோயில் கொடை விழாக்களில் தன் தாய் கரகம் ஆடியவள் என்றும், சின்னப் பிள்ளையாக இருந்தபோது முற்றத்தில் தாயோடு தானும் ஆடியிருப்பதாகவும், ஞானஸ்நானம் எடுத்த பிறகு இருவரும் அதைத் தொட்டதே இல்லை என்றும் சொன்னாள். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அவளுக்கு எங்கள் பள்ளிக்கூடம்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. பாயில் இருந்த மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் மூன்றாம் ஓலை. தடை சொல்ல ஆளுண்டா என்று ஐயர் கேட்டு வாய் மூடவில்லை, மாப்பிள்ளையின் தாய் பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றாள்.

"ஆட்டக்காரிக்க மவ எனக்க வீட்டுக்கு வேண்டாம்," என்றாள். "எனக்கும் ஒரு கன்னிப் பிள்ளை வளருது."

மாப்பிள்ளை ஆண்கள் பக்கத்தில் இருந்தான். பாட்டுப் புத்தகத்தை விரித்து அதில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். ஆராதனை முடியும் வரை அவனுக்கு அது கிடைக்கவில்லை. சின்னவள் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு மறுபடி உருவினாள்.

கமிட்டி அன்றைக்கே கூடியது. வேலை நீக்கம், சபை விலக்கு இரண்டும் முடிவாயின. ஆனால் தம்புராட்டி வந்து போன பிறகு அமலுக்கு வரும். அதுவரை அவள் இருந்து பிள்ளைகளைத் தயார் பண்ணட்டும். அப்படியென்றால் அதுவரை பாவம் தள்ளுபடியா என்று கேட்டேன். டீச்சருக்கு வாய் கூடுதல் என்றார்கள். துரைசாணி அம்மாளிடம் ஓடினேன். அவர் கண் கலங்கினார். சபையின் முடிவில் தான் தலையிட முடியாது என்றார். சதுரத்தில் தலையிட முடிந்தவர்தான். சின்னவளிடம் இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு தலைமை என்பதால் எனக்கு வந்தது. கேட்டுவிட்டு, நாளைக்கு எந்த வரிசை எனக்கு என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரத்திலேயே மாப்பிள்ளையின் தாய் பள்ளிக்கு வந்தாள். நிச்சயத்துக்குக் கொடுத்த சேலையைத் திருப்பிக் கேட்டு வாங்கினாள். மடிப்பு கலைந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தாள். பிறகு என்னைத் தனியே அழைத்து இன்னொன்று கேட்டாள். அவள் இளைய மகள் எங்கள் போர்டிங்கில்தான் படித்தாள்; அவளை மைதானத்தில் முன்வரிசையில் நிறுத்த வேண்டும், நாலு நல்ல குடும்பத்தார் பார்ப்பார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆட்டம் ஆகாது என்று கோயிலில் எழுந்து நின்றது யார் என்று கேட்டேன்.

"இது தேகப்பயிற்சி இல்லியா, டீச்சர்?" என்றாள். "சொல்லிக்குடுக்கதுல அந்தப் பிள்ளைய விட்டா ஆளில்லன்னு சொல்லுகாவ. அவளையே சொல்லிக்குடுக்கச் சொல்லுங்க."

நான் மாட்டேன் என்றேன். மறுநாள் ஐயர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அந்தப் பெண் முன்வரிசைக்கு வந்தாள்.

அவள் பாவம், சாதாரணப் பிள்ளை. கூச்சம், தடித்த கணுக்கால், எங்கே கை வைப்பது என்று தெரியாத கை. சின்னவள் அவளை என்ன செய்யப் போகிறாளோ என்று நான் காத்திருந்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கோலால் அந்த விரல்களை நன்றாகக் கவனித்திருப்பேன். சின்னவள் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் போன பிறகும் அவளை நிறுத்திக் கற்றுக்கொடுத்தாள். கழுத்தை எப்படி வைப்பது, கோல் கண்ணுக்கு முன்னால் வரும்போது கண் எங்கே போக வேண்டும், குனிந்து எழும்போது இடுப்பை எப்படி விடுவது என்று பக்கத்தில் நின்று காட்டினாள். தட்டிக்கொடுத்தாள். தலை வாரி விட்டாள். அந்தப் பெண் அவள் பின்னாலேயே அக்கா அக்கா என்று திரிந்தாள். தன் தாய் கோயிலில் சொன்னது அவளுக்குத் தெரியாததல்ல. ஒரு நாள் அதற்காக அழக்கூடச் செய்தாள். சின்னவள் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆடச் சொன்னாள்.

கை தோளுக்கு மேல் போயிற்று. இடுப்பு போக வேண்டிய இடமெல்லாம் போயிற்று. நிறுத்த எனக்கு அதிகாரம் இருந்தது. நடு டீச்சரை அந்த நாட்களில் சமையல் கட்டு மேற்பார்வைக்கு அனுப்பிவிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு நன்றாக யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்து நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை.

தம்புராட்டி வந்த நாளில் மைதானம் கொள்ளாத கூட்டம். டீக்கன்மார் கோட்டுப் போட்டு நாற்காலியில் இருந்தார்கள். சபை விலக்கு முடிவானவள் முன்னால் வரக் கூடாது என்பதால் சின்னவளைப் பந்தலுக்குப் பின்னால், தண்ணீர்ப் பானைகள் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் இறங்கினார்கள். வட்டம் சுழன்றது. கொஞ்ச நேரத்தில் எல்லோர் கண்ணும் ஒரே ஒருத்தி மேல் போய் நின்றுவிட்டது. அந்தத் தடித்த கணுக்கால் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில் அவள் தாய் மட்டும் பெருமையோடு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

முடிந்ததும் தம்புராட்டி அந்தப் பெண்ணை அருகே கூப்பிட்டுக் கன்னத்தைத் தொட்டார். பிறகு டீக்கன்மார் பக்கம் திரும்பி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"இவள் அசல் ஆட்டக்காரியாணல்லோ."

அவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். தாயின் தலை திரும்புவது நின்றது. டீக்கன்மார் கை கூப்பிக்கொண்டு இளித்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? மறுநாள் காலை அரண்மனைச் சேவகன் ஒருவன் பள்ளிக்கு வந்து, நேற்று நன்றாக ஆடிய பெண்ணுக்கு என்று ஒரு ஜோடி வெள்ளிச் சலங்கையை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். திருப்பி அனுப்ப யாருக்கும் தைரியம் இல்லை. வாங்கி வைக்கவும் இல்லை. அதை ஊரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

சின்னவள் அன்றைக்குத்தான் போர்டிங்கைக் காலி செய்தாள். கொட்டாரம் போகும் வண்டி வாசலில் நின்றது. நான் அவள் பெட்டியைத் தூக்கி வைத்தேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வேணும்னே செய்தியா, ஏட்டி?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அதுவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"நல்லா சொல்லிக்குடுத்தேன், அக்கா," என்றாள். "அந்த வேலைக்குத்தானே என்னை நிறுத்தி வச்சிய?"

வண்டி போனது. எனக்கு வயிறு குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சின்னப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் குளிர்ந்தது.

முப்பதுகளின் நடுவில் நான் அந்தப் பள்ளியை விட்டு விலகும் வரை பார்த்தேன். சின்னவளுக்குப் பேசியிருந்த அண்ணனுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகி, தோட்டத்துப் பங்களாவில் பிள்ளைகள் பிறந்தன. தங்கையைப் பெண் பார்க்க இரண்டொரு பேர் வந்தார்கள். தம்புராட்டி சொன்னதை யாராவது அவர்கள் காதில் போட்டார்கள். தாய் கோயிலில் சொன்னதையும் சேர்த்தே போட்டார்கள். பிறகு யாரும் வரவில்லை. அவள் ஒவ்வொரு ஞாயிறும் தாயோடு கோயிலுக்கு வந்தாள். மற்றப் பெண்களுக்கு ஓலை வாசிக்கும்போது தலை குனிந்து பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.